வலி பத்துக்கு எத்தனை?

கேன்சர் இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது ஒன்றுதான்: "டாக்டரு என்ன சொல்லுதாரு?" கட்டி சுருங்கியிருக்கிறதா, வேறு எங்காவது பரவியிருக்கிறதா, எத்தனையாவது ஸ்டேஜ், இன்னும் எத்தனை கீமோ பாக்கி. எங்கள் அத்தையைப் பார்க்க ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டவர்கள் குறைவு. "வெளிக்கு ஒழுங்காப் போகுதா?" என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான், பக்கத்து வீட்டு ஆச்சி. அந்த ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. தாமிரபரணிக் கரையில், பாதி வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிற ஊர். பாவாடை தாவணிக் காலத்திலிருந்தே அவளும் சுற்றினாள். மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ, கரண்டு என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு என்று எல்லாம் முடிந்து, ஹார்மோன் மாத்திரையோடு சில வருஷம் நன்றாகவே ஓடியது. அப்புறம் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் வந்தது. இப்போது தினம் மாத்திரை, மாதம் ஒருமுறை எலும்புக்கு ஊசி, சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசிக் கட்டம் என்றும் சொல்ல முடியாது. ரேஷன் கடைக்குப் போகிறாள், சீரியல் பார்க்கிறாள், மருமகளோடு சண்டை போடுகிறாள்.

இப்படி நோயோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவர்கள் இன்று நிறையப் பேர். ஆனால் நம் பேச்சில் அவர்களுக்கு இடமே இல்லை. நமக்குத் தெரிந்தது இரண்டு பேர்தான்: கேன்சரை ஜெயித்து மேடையேறிப் பேசுகிறவர், போய்ச் சேர்ந்தவர். நடுவில் இருப்பவருக்கு எலும்பு ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடித்தால் அதைப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை.

முதல் கீமோ போட்ட மூன்றாவது வாரத்துக்குள் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதனால் வீட்டில் பதற்றம் இல்லை. தெருவில் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை. அதற்கு எங்கள் பக்கத்தில் கடவுளே ஒரு வழி வைத்திருக்கிறார். யார் கேட்டாலும், "திருச்செந்தூர்ல முடி எடுத்தேன், நேர்ச்சை" என்று சொல்லிவிட்டாள் அத்தை. ஒரு கேள்வி இல்லை. அடுத்த கேள்வியாக, "நாழிக்கிணத்துல கூட்டமா?" என்றார்கள். விக் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முருகன் வரமாட்டார்.

ஏ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் கீமோ முடிந்ததும் பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்தை வாரம் ஒரு டோஸ் என்று தொடங்கினார்கள். இதில் வாந்தி குறைவு. "இது தங்கமான மருந்துல்லா" என்றாள் அத்தை. சில வாரம் போனபின் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. பிறகு மரத்துப்போனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பீடி சுற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்க விரல் நுனி வேலை. மடியில் சுளவு, அதாவது முறம். நனைத்து வைத்த இலையை அளவுத் தகரம் வைத்து வெட்ட வேண்டும். உள்ளங்கை விரலில் இலையை ஏந்தி, தூளைப் பரவலாகப் போட்டு, இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரே உருட்டு. மேல் நுனியை மடக்கி, கீழே நூலால் ஒரு சுற்று, இழுத்தால் முடிச்சு. இதெல்லாம் கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. அத்தை சுற்றும்போது அவள் கண் டிவியில் இருக்கும். தூள் கூடினால் விரலுக்குத் தெரியும், குறைந்தாலும் விரலுக்குத்தான் தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லாத பீடியைக் கடையில் கழித்துப் போட்டுவிடுவார்கள்.

கீமோக்காலத்திலும் தெம்பு இருக்கிற நாளில் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். பணத்துக்கு மட்டுமல்ல. சும்மா உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ போகிறது என்பாள். மருந்தின் பாதி வழியில் ஒருநாள் சுளவை எடுத்து வைத்தவள், இலையை ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தாள். இலை கையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நூலை விரல் பிடிக்கவில்லை. அன்றைக்குச் சுற்றியதைக் கடையில் கணிசமாகக் கழித்துவிட்டார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜாக்கெட் கொக்கி மாட்டவும் மருமகளைக் கூப்பிடும் நிலைக்கு வந்து சில வாரம் ஆகிவிட்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா மருந்தை நிறுத்திப்பிட்டாவன்னா?" என்றாள். இது அத்தையின் பயம் மட்டுமல்ல. கீமோ வார்டில் வரிசையாகச் சாய்ந்திருக்கும் எல்லோருடைய பயமும் இதுதான். மருந்து உடம்பைப் படுத்தினால்தான் கட்டியையும் படுத்துகிறது என்று ஒரு கணக்கு. பொறுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் பலன். டாக்டர் கோபப்படவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தா டோஸைக் குறைச்சிருப்பேன், இல்லன்னா வேற மருந்துக்கு மாத்தியிருப்பேன். நரம்புல வர்ற பாதிப்புக்கு அதுதான் வழி. வந்தப்புறம் முழுசாச் சரிபண்ண நம்மகிட்ட பெருசா ஒண்ணும் இல்லம்மா." பாக்கி டோஸ்களைக் குறைத்தார். அடுத்த ஒரு வருஷத்தில் விரல் ஓரளவு தெளிந்தது. கொக்கி மாட்டுகிறாள், பூக் கட்டுகிறாள். பீடி மட்டும் பழையபடி வரவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுடைய ஃபைலில் ஒவ்வொரு விசிட்டிலும் "1" என்று ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. ஈகாக் அளவுகோல் என்பார்கள். 0 என்றால் பழையபடி எல்லா வேலையும் செய்கிறார். 1 என்றால் கடின வேலை முடியாது, நடமாட்டமும் லேசான வேலையும் உண்டு. 4 என்றால் முழுக்கப் படுக்கை. 5 என்றால் உயிர் இல்லை. கீமோவைத் தாங்குவாரா என்று டாக்டர் சட்டென்று முடிவெடுக்க இந்த எண் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைவிரல் மரத்துப்போன ஒரு பீடித் தொழிலாளியும், கைவிரல் நன்றாக இருக்கும் ஒரு கணக்கப்பிள்ளையும் அதில் ஒரே 1 தான்.

இதைவிட நுணுக்கமான அளவுகோலும் இருக்கிறது. ஐரோப்பிய கேன்சர் ஆராய்ச்சி அமைப்பான இ.ஓ.ஆர்.டி.சி. தயாரித்து 1993-இல் வெளியான 30 கேள்விகள் கொண்ட படிவம். நோயாளியே நிரப்ப வேண்டும். போன வாரம் வலி இருந்ததா, தூக்கம் கெட்டதா, வாய் ருசித்ததா, மலச்சிக்கல் உண்டா, எரிச்சல் வந்ததா, மறதி இருந்ததா, குடும்பத்தில் இடைஞ்சலா, பணக்கஷ்டமா? 28 கேள்விக்கு 'இல்லவே இல்லை' முதல் 'மிக அதிகம்' வரை நான்கு பதில். கடைசி இரண்டுக்கு மட்டும் 1 முதல் 7 வரை மார்க். முதல் கேள்வியிலேயே கனமான கடைப் பையையோ பெட்டியையோ தூக்கச் சிரமமா என்று வரும். நம்மூருக்குக் குடம் என்று போட்டிருக்கலாம். மற்றபடி ஆச்சி கேட்ட கேள்வி அதில் அப்படியே இருக்கிறது. உலகத்து நிபுணர்கள் உட்கார்ந்து யோசித்து வந்து சேர்ந்த இடம் எங்கள் பக்கத்து வீடு.

இப்படிக் கேட்பதால் என்ன ஆகிவிடும் என்று ஒருவர் சோதித்தும் பார்த்திருக்கிறார். ஈதன் பாஷ் என்ற டாக்டர், நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், கீமோ எடுக்கும் 766 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழு தங்களுக்கு இருக்கும் 12 தொந்தரவுகளை அவ்வப்போது கம்ப்யூட்டரில் பதிந்தது. ஏதாவது மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும், அவர் கூப்பிட்டு விசாரிப்பார். புது மருந்து எதுவும் கிடையாது. சொல்வதற்கு ஒரு வழி, கேட்பதற்கு ஒரு ஆள், அவ்வளவுதான். 2017-இல் வந்த முடிவில், சொன்னவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடிக்கும் பல மருந்துகள் இந்த ஐந்து மாதத்தைக் கொடுப்பதில்லை.

எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. பழைய பால் கணக்கு நோட்டு இருந்தது. அதில் தினம் ஒரு வரி எழுத ஆரம்பித்தோம். "வலி 3. தூக்கம் சரி. வாயில் புண். வெளிக்குப் போகலை." ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் ஊர்ப் பெண்களிடம் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் "இருக்கேன்யா" என்றுதான் பதில் வரும். நோட்டை மேஜையில் விரித்து வைத்தால் டாக்டரின் கண் தானாக அந்த வாய்ப்புண்ணில் போய் நிற்கிறது.

வாய்ப்புண் என்றதும் சாப்பாடு. கீமோ எடுப்பவரின் தட்டைப் பற்றி ஊரில் அத்தனை பேருக்கும் ஒரு கருத்து உண்டு. சர்க்கரை ஆகாது, புற்றுக்கு அதுதான் தீனி. பால் ஆகாது. கறி ஆகவே ஆகாது. முள் சீத்தா இலையைக் கொதிக்க வை, கோதுமைப்புல் சாறு கொடு. வாட்ஸப்பில் வந்ததை எல்லாம் ஒன்றுசேர்த்தால் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும். டயட்டீஷியன் சொன்னது நேர் எதிர்: முட்டை, மீன், பருப்பு, தயிர், எது இறங்குகிறதோ அது. சர்க்கரை வியாதி இல்லையென்றால் காபிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையால் கட்டி வளராது. எடை குறைந்தால்தான் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

அத்தைக்கு எல்லாமே தகர ருசி. எவர்சில்வர் தட்டை மாற்றிப் பீங்கானில் கொடுத்தால் சற்றுத் தேவலை என்றாள். சூடான சோற்றின் வாசமே குமட்டியது, ஆறவைத்தால் இறங்கியது. தேங்காய்ப்பால் விட்ட சொதி, காரம் இல்லாமல், வெதுவெதுப்பாக. எங்கள் பக்கம் கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு அது. அவளுக்கு வாரத்தில் பாதி நாள் மறுவீடு. வாய்ப்புண்ணுக்கு, வெந்நீரை ஆறவைத்து உப்பும் சமையல் சோடாவும் போட்டு நாளைக்குப் பலமுறை கொப்புளிக்கச் சொன்னார்கள். செலவு ஒன்றும் இல்லை. இதைச் சொல்வதற்கு முன் கடையில் வாங்கிய விலை கூடின மவுத்வாஷ் சாராயம் கலந்தது, புண்ணில் பட்டு அவள் துடித்துப்போனாள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் அது உயிரோடு விளையாட்டு என்று ஒரு நர்ஸ் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அது இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

இனி எலும்பு.

இடுப்பில் வந்த வலியை முதலில் வயசுக் கோளாறு என்றார்கள், தைலம் தேய்த்தார்கள். ஸ்கேனில் தெரிந்த பிறகு வலி மாத்திரை கொடுத்தார்கள். அது இரண்டு மணிநேரம் நிற்கும், பிறகு பழையபடி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அப்போது பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "கேன்சர்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்றார் ஒரு டாக்டர். மார்ஃபின் என்று நான் வாயெடுத்ததும், "அதெல்லாம் கடைசியில குடுக்கறது" என்று முடித்துவிட்டார். பெயர் வேண்டாம். அவர் ஒருவர் மட்டும் சொல்வதாக இருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேன்.

கேன்சர் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பாராசிட்டமால் வகையில் தொடங்கி, போதவில்லையென்றால் அடுத்த படி, அதற்கும் அடங்கவில்லையென்றால் மார்ஃபின். வாய் வழியாக, வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்து. நோய் எந்தக் கட்டம் என்பதை வைத்தல்ல, வலி எவ்வளவு என்பதை வைத்து. ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. கடத்தல்காரனுக்கு விரித்த வலையில் நோயாளி மாட்டிக்கொண்டார். மார்ஃபின் வாங்கி வைக்க ஓர் ஆஸ்பத்திரிக்கு நாலைந்து உரிமம் வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இலாகாவில். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் பிசகினால் ஜெயில். எதற்கு வம்பு என்று ஆஸ்பத்திரிகள் வைப்பதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினை எழுதிப் பழகாமலே படித்து வெளியே வந்தார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மார்ஃபின் எடுக்கும் அபினியை அரசு அனுமதியோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் நாமே விளைவிக்கிறோம்.

2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் வந்தன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும் என்றானது. இதற்காகப் பல வருஷம் நடையாய் நடந்தவர்களில் முக்கியமானவர் கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். மயக்க மருந்து நிபுணர். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் சுரேஷ்குமார் முதலானவர்களோடு வலிக்கும் நோய்த்தணிப்புக்கும், அதாவது நோயோடு இருப்பவரின் தொந்தரவுகளைக் குறைக்கும் கவனிப்புக்கும், ஒரு சங்கத்தைத் தொடங்கியவர். 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பையும் தொடங்கினார். கோழிக்கோட்டில் தொடங்கியது பிறகு தெருத்தெருவாகப் பரவியது. ரிட்டயர்டு வாத்தியார், ஆட்டோ ஓட்டுநர், காலேஜ் பிள்ளைகள் என்று வாரத்தில் சில மணிநேரம் கொடுக்கக்கூடிய சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். 2008-இல் கேரள அரசு இதை அதிகாரப்பூர்வக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. பிரஷர், சுகர் மாத்திரை தருகிற திட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வேறொரு ஊரில் ஒரு பாலியேட்டிவ் ஓ.பி., அதாவது நோய்த்தணிப்புப் பிரிவு, இருப்பதாகத் தெரிந்து அங்கே கூட்டிப்போனோம். போகும் முன்பே வீட்டில் ஒரு பிரளயம். "பாலியேட்டிவ்னா கைவிட்டாச்சுன்னுதானே அர்த்தம்?" என்று அத்தையின் மூத்த மகன் சாப்பிடாமல் எழுந்துபோனான். பாவம், அவனைச் சொல்லி என்ன. அந்த போர்டுக்குக் கீழே யாரை அனுப்பி வைக்கிறார்கள் என்று ஊரே பார்க்கிறதுதானே.

அங்கே இருந்த டாக்டர் ஸ்கேனைக் கடைசியில்தான் எடுத்துப் பார்த்தார். "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து. அத்தை யோசித்துவிட்டு, "அஞ்சு" என்றாள். "பிள்ளை பெத்தப்ப எத்தனை?" "அது ஆறு, ஏழு இருக்கும்." "ராத்திரி சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எட்டு... ஒம்பது." பொறுத்துப் பழகியவர்களிடம் ஒரே கேள்வியில் பதில் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே வலி, குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, எதைச் செய்தால் கூடுகிறது என்று பொம்மைப் படத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார். அதோடு நிற்கவில்லை. வீட்டில் யார் சமைக்கிறார்கள், கடன் எவ்வளவு, ராத்திரி முழிப்பு வந்தால் மனசுக்குள் என்ன ஓடுகிறது. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். உடம்பு வலி, மன வலி, குடும்ப, பண நெருக்கடி, 'எனக்கு ஏன்' என்கிற கேள்வி எல்லாம் சேர்ந்தே ஒரு வலியாகிறது, ஒன்றை மட்டும் பிரித்து மருந்து கொடுத்தால் அடங்காது என்று. நர்ஸாக இருந்து, ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளராக இருந்து, அதற்குப் பிறகு டாக்டருக்குப் படித்தவர் அவர்.

சின்ன மாத்திரை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ராத்திரி பத்துக்கு மட்டும் இரண்டு மாத்திரையாக, நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக. கூடவே கட்டாயமாக மலமிளக்கி. மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வந்தே தீரும், வந்த பிறகு பார்ப்போம் என்று இருக்கக்கூடாது என்றார். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம், கொஞ்சம் குமட்டல். பிறகு அது போய்விட்டது. "இதுக்கு அடிமையாயிருவேனா?" என்று அத்தை கேட்டாள். வலிக்காக, டாக்டர் பார்வையில், அளவோடு எடுப்பவருக்கு அது அரிது, குறைக்கும்போது படிப்படியாகக் குறைப்போம் என்றார். சொன்னபடியே செய்தார்கள். இடுப்பில் ஒரே ஒரு நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எலும்பு வலிக்கு ஒரே தடவையில் கொடுப்பதும் பத்து நாள் பிரித்துக் கொடுப்பதும் வலி குறைப்பதில் ஏறத்தாழ ஒன்றுதான், சிலருக்குப் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டிவரலாம், அவ்வளவே. தினம் பஸ் ஏறி இறங்க முடியாதவருக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயம். சில வாரத்தில் வலி இரண்டுக்கு வந்தது. மார்ஃபினைக் குறைத்து, பிறகு நிறுத்தியும்விட்டார்கள். கடைசியில் கொடுப்பது என்று சொல்லப்பட்ட மருந்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அத்தை மறுபடி ரேஷன் கடைக்குப் போனாள்.

மூத்த மகன் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. அவனுக்காக ஒரு தகவல். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஜெனிஃபர் டெமல் என்ற டாக்டர், முற்றிய நுரையீரல் கேன்சர் உள்ள 151 பேரில் பாதிப் பேருக்கு, நோய் தெரிந்த கையோடு கீமோவுடனேயே பாலியேட்டிவ் கவனிப்பையும் தொடங்கினார். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, அன்றாடம் சுகப்பட்டது. கடைசி நாட்களில் வீண் சிகிச்சைகளும் குறைவு. ஆனாலும் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. முடிவுகள் 2010-இல் வெளியாயின. எல்லாக் கேன்சருக்கும் இதே கணக்கு வரும் என்று சொல்லமாட்டேன். பாலியேட்டிவ் போனால் ஆயுள் குறையும் என்ற பயத்துக்கு மட்டும் இது பதில்.

மருந்து இல்லாமல் தீர்ந்த விஷயங்களும் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது குத்தவைத்து உட்காரும் கக்கூஸ். இடுப்பெலும்பு அரித்துப்போனவள் குத்தவைத்தால் எலும்பு முறிய வாய்ப்பு. அதற்குப் பயந்து அத்தை சாப்பாட்டையே குறைத்துக்கொண்டிருந்தாள், தண்ணீரைக்கூட. இதை எந்த ஸ்கேனும் காட்டாது. பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கூச்சத்தோடு சொன்னாள். நடுவில் ஓட்டை போட்ட ஒரு கமோட் நாற்காலி வாங்கினோம். மடக்கி வைக்கலாம், கக்கூஸுக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். ஒரு நல்ல ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சர் காப்பீட்டில் கீமோவும் கதிர்வீச்சும் நடந்துவிடும். ஆனால் கேன்சர் ஒரு குடும்பத்தைக் கரைப்பது பெரும்பாலும் அதற்கு வெளியே: பஸ் காசு, தங்கும் செலவு, கூடப் போகிறவரின் நாள் கூலி. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகத் தரமாட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து சென்னை போய்வருகிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஈரலில் புதிதாக ஒரு புள்ளி. ஹார்மோன் மாத்திரை இனி வேலை செய்யாது, கேபசிடபின் என்ற கீமோ மாத்திரைக்கு மாற்றலாம் என்றார் டாக்டர். பதினான்கு நாள் சாப்பிட வேண்டும், ஏழு நாள் ஓய்வு. அவர் சொல்லி முடித்ததும் மூத்த மகன் எத்தனை மாதம் கேட்கும் என்று விசாரித்தான். அத்தை அவனைக் கையமர்த்திவிட்டுத் தன் கேள்விகளைக் கேட்டாள். விரல் மரத்துப்போகுமா? அப்படி மரத்துப்போகாது, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம், எரியலாம், ஆரம்பத்திலேயே சொன்னால் நிறுத்திவைத்து அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். முடி? பெரும்பாலும் கொட்டாது. "அப்ப திருச்செந்தூரு வேண்டாம்" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் சாஸ்தா கோயில் தேரிக்காட்டுக்குள் இருக்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து செம்மணலில் நடக்க வேண்டும், உள்ளங்கால் உரிந்திருந்தால் முடியாது. "அது முடிஞ்சு ஆரம்பிச்சா என்ன?" என்றாள். டாக்டர் ரத்தப் பரிசோதனையை இன்னொரு முறை பார்த்தார். மூன்று வாரத்தில் பெரிய வித்தியாசம் வராது, போய்ட்டு வாங்க, அந்த வியாழக்கிழமை ஆரம்பிப்போம் என்று தேதி எழுதிக் கொடுத்தார். நடுவில் மஞ்சள்காமாலை மாதிரித் தெரிந்தாலோ வயிறு உப்பினாலோ உடனே வரச்சொன்னார்.

வேன் பேசியாகிவிட்டது. பொங்கல் பானை, விறகு, இருபது பேர், அத்தையின் மருந்துப் பை. கமோட் நாற்காலியை மேலே கட்டினால் ஊரே பார்க்கும் என்கிறான் மூத்தவன். கட்டு, பார்க்கட்டும் என்கிறாள் அவள்.